மாரிக்கு முன்னே எழுதவேண்டிய பட்டியல்: யாழ்ப்பாணத்து ஊர்ச் சங்கங்களுக்கான நிவாரண வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் வெள்ள நிவாரணம் பொருள் இல்லாமல் தோற்பது குறைவு. கார்த்திகை மழை இறங்கினால் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் காசு வரும், தெற்கிலிருந்து லொறி வரும், பக்கத்து ஊர்ப் பொடியள் சோற்றுப் பார்சலோடு வருவார்கள். தோற்பது பட்டியலில்தான். யாருடைய பெயரில் பொதி எழுதப்பட்டது, யாருடைய நட்டம் நட்டமாகக் கணக்கில் ஏறியது, எந்த நேரத்தில் எந்த இடத்துக்கு வரச்சொன்னார்கள் என்ற மூன்றிலும் பிழைத்துவிட்டால், வந்த பொருள் முழுவதும் தேவைப்பட்டவர் வாசலைத் தாண்டிப் போய்விடும். 2008 நிஷா புயல், 2020 புரெவி புயல், 2024 கார்த்திகை வெள்ளம் என்று எதை எடுத்தாலும் தண்ணீர் வந்தபின் பட்டியல் எழுதத் தொடங்கிய ஊர்கள் அவதிப்பட்டன. ஆவணி, புரட்டாசியில் எழுதி முடிக்கவேண்டிய வேலை இது.

இந்த வழிகாட்டி கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், சனசமூக நிலையம், வெளிநாட்டு ஊர்ச் சங்கம் ஆகியவற்றில் வேலை செய்வோருக்கானது. ஒரு விதானையார் (கிராம அலுவலர்) பிரிவு, அதாவது ஏறத்தாழ 200 முதல் 600 குடும்பம், என்ற அளவை மனதில் வைத்து எழுதப்பட்டுள்ளது.

முதலில் பட்டியல்

வழமையான படிவத்தில் முதல் கட்டம் 'குடும்பத் தலைவர் பெயர்'. அந்த ஒரு கட்டமே பாதிப் பிழைக்குக் காரணம். கணவன் கொழும்பில் வேலை, மத்திய கிழக்கில் வேலை, கடலில், வேறு வீட்டில், அல்லது போர்க்காலத்தில் காணாமற்போனவர் என்றால் அந்தக் கட்டத்தில் எழுத ஆளில்லை. ஆள் இல்லாத குடும்பம் பட்டியலின் கடைசிக்குப் போகும், அல்லது மாமனார் வீட்டுக் குடும்ப அட்டைக்குள் அடங்கிப்போகும். ஒரே வளவில் மூன்று அடுப்பு எரிந்தால் அது மூன்று குடும்பம். அட்டையை எண்ணாதீர்கள், அடுப்பை எண்ணுங்கள்.

'விதவை' என்ற கட்டத்தையும் வெட்டிவிடுங்கள். காணாமற்போனவரின் மனைவி பொட்டு வைத்திருப்பார், தன்னை விதவை என்று எழுத ஒப்பமாட்டார், அவரிடம் இறப்புச் சான்றிதழும் இருக்காது. அந்தக் கட்டம் அவரைப் பொய் சொல்ல வைக்கும் அல்லது வெறுங்கையோடு திருப்பி அனுப்பும். 'இந்த வீட்டில் சமையல், வருமானம், முடிவு மூன்றையும் பார்ப்பவர் யார்?' என்று கேட்டு அந்தப் பெயரை எழுதுங்கள். எந்தச் சான்றிதழும் கேட்கவேண்டாம். அடையாள அட்டை நனைந்திருந்தால் விதானையாரின் கையெழுத்துப் போதும் என்று முன்கூட்டியே அவரோடு பேசி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

படிவத்தில் கட்டாயம் இருக்கவேண்டியவை இவ்வளவுதான்: பொறுப்பானவர் பெயர், ஆண், பெண் வேறாக நான்கு வயதுப் பிரிவில் எண்ணிக்கை (5 வயதுவரை, 6 முதல் 17, 18 முதல் 59, 60உம் அதற்கு மேலும்), கர்ப்பிணியாயின் பிரசவத் திகதி, பால்குடிக் குழந்தை, தொடர்ந்து எடுக்கும் மருந்து, நடப்பது, பார்ப்பது, கேட்பது, நினைவில் வைத்திருப்பது, தன்னைத் தானே கவனிப்பது, பேசிப் புரியவைப்பது ஆகிய ஆறில் எதிலாவது சிரமம் உண்டா, வீட்டுக்குள் தண்ணீர் எவ்வளவு உயரம் வரும், சைவச் சமையலா. 'ஊனமுற்றவர் உண்டா?' என்று கேட்டால் 'இல்லை' என்றுதான் பதில் வரும். 'படி ஏறக் கஷ்டமோ அம்மா?' என்று கேட்டால் உண்மை வரும்.

எழுதக்கூடாதவையும் உண்டு. முன்னாள் போராளியா, காணி வழக்கு உண்டா, எந்தச் சமயம், எந்தச் சாதி, வெளிநாட்டில் யார் இருக்கிறார்கள் என்பவை நிவாரணத்துக்குத் தேவையில்லை. எழுதிய தாள் யார் கைக்குப் போகும் என்பது நம் கையில் இல்லை. தனித்து வாழும் பெண்களின் விவரம் அடங்கிய பட்டியலே ஓர் ஆபத்து. அதைச் சனசமூக நிலையச் சுவரில் ஒட்டுவதும், வைபர் குழுவில் படம் பிடித்துப் போடுவதும் 'இந்த வீட்டில் ஆண் துணை இல்லை' என்று ஊருக்கு அறிவிப்பதற்குச் சமம். ஒளிவுமறைவில்லை என்று காட்டவேண்டுமானால் குடும்ப எண்ணையும் பொதியின் அளவையும் மட்டும் ஒட்டுங்கள். முழுப் பட்டியலுக்கு இரண்டு பிரதி போதும்: ஒன்று மாதர் சங்கச் செயலாளரிடம், மற்றது விதானையாரிடம்.

பட்டியலை எழுதப் போவது இருவர், அதில் ஒருவர் பெண். குடும்பநல உத்தியோகத்தரிடம் (ஊர் மருத்துவமாதுவிடம்) கர்ப்பிணிப் பெயர்களைக் கேட்டு வாங்கவேண்டாம். அது அவர் தரக்கூடாத தகவல். அவரை உங்கள் எண்ணிக்கையைப் பார்த்து 'சரி' அல்லது 'இரண்டு பேர் குறையுது' என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள்.

பிள்ளைகள் எல்லாரும் வெளியில், பெரிய கல்வீட்டில் தனியாக ஒரு எழுபது வயது அம்மா. இந்த வீடு எந்தப் பட்டியலிலும் வராது, ஏனென்றால் வறுமை இல்லை. ஆனால் இரவு தண்ணீர் ஏறினால் கட்டிலிலிருந்து இறங்க உதவி வேண்டியவர் அவர்தான். பொதிக்கு ஒரு பட்டியல், தூக்கிக்கொண்டு போக இன்னொரு பட்டியல் என்று இரண்டாகப் பிரித்து வையுங்கள்.

கூட்டம் எங்கே, எப்போது

சனசமூக நிலையத்தில் பின்னேரம் ஆறு மணிக்குக் கூட்டம் வைத்தால் பேப்பர் வாசிக்க வரும் ஆண்கள்தான் வருவார்கள். பெண்கள் வந்தாலும் தேநீர் ஊற்றிவிட்டுப் பின்வரிசையில் இருப்பார்கள். முன்பள்ளியில், பின்னேரம் மூன்று மணிக்கு, பெண்களுக்குத் தனியாக ஒன்றும், ஆண்களுக்குத் தனியாக ஒன்றும், பிறகு சேர்த்து ஒன்றும் வையுங்கள். தாய் சேய் கிளினிக் நாளில் வைத்தால் இளம் தாய்மாருக்கு இன்னொரு பயணம் மிச்சம். இரால், நண்டு கம்பனிகளுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் உள்ள ஊரில் ஞாயிறு காலைப் பூசை முடிந்தபின் தவிர வேறு நேரம் சரிவராது.

கோயில் மண்டபத்தைத் தெரிவுசெய்யுமுன் ஒரு தரம் யோசியுங்கள். எல்லாத் தெருக்காரரும் அங்கே தடையில்லாமல் ஏறி இருப்பார்களா? வாய்திறந்து கேட்கமுடியாத கேள்வி, ஆனால் பதில் ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஒரு பகுதி ஆக்கள் கால் வைக்கத் தயங்கும் இடம் கூட்டத்துக்கும் ஆகாது, தங்குமிடத்துக்கும் ஆகாது.

கூட்டத்தில் நிலத்தில் சோக்கட்டியால் ஊரை வரையச் சொல்லுங்கள். ஒழுங்கைகள், குளம், வாய்க்கால், மதகு, கிணறுகள், மின்விளக்கு இல்லாத மூலை, நாய்த் தொல்லை உள்ள சந்தி, சாராயக் கடை, எல்லாம் வரட்டும். ஆண்கள் வரையும் படத்தில் றோட்டும் வாய்க்காலும் துல்லியமாக இருக்கும். பெண்கள் வரையும் படத்தில் எந்தக் கிணறு எந்த மாதம் உப்பாகும், எந்த வளவுக்கால் குறுக்கே போகலாம், எந்த வீட்டில் யார் படுக்கையில் என்பது இருக்கும். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துத்தான் வெளியேறும் பாதையைத் தீர்மானிக்கவேண்டும். வடமராட்சி நீரேரிக் கரை ஊர்களில் நீரேரி கடலோடு சேரும் தொண்டைமானாற்றுத் தடுப்பணைக் கதவுகள் திறக்கும் நேரமும் இந்தப் படத்தோடு சேரவேண்டிய தகவல். திறக்கப்போகிறார்கள் என்றால் யார் யாருக்குச் சொல்வது என்று பெயர் எழுதிக்கொள்ளுங்கள்.

எச்சரிக்கை வந்தும் ஏன் போகவில்லை

2004 மார்கழி 26 சுனாமியில் இலங்கையில் ஆண்களைவிடப் பெண்களும் பிள்ளைகளும் கூடுதலாக இறந்தார்கள். நீச்சல் தெரியாதது, கையில் பிள்ளை, காலில் சிக்கும் உடுப்பு, கரையோர வீட்டுக்குள் இருந்த நேரம் எல்லாம் சேர்ந்த விளைவு அது. மழை வெள்ளத்தில் அவ்வளவு வேகம் இல்லை, ஆனால் காரணங்கள் அதே வகை.

எச்சரிக்கை பெரும்பாலும் கடற்றொழிலாளர் சங்க ஒலிபெருக்கியிலும் முகநூலிலும் போகிறது. வீட்டுக்குள் சமைப்பவருக்கு மழைச் சத்தத்தில் ஒலிபெருக்கி கேட்காது, போன் அவரிடம் இல்லாமலும் இருக்கலாம். பத்து வீட்டுக்கு ஒரு பெண் என்று பொறுப்புக் கொடுங்கள். அவர் நேரில் போய்ச் சொல்லவேண்டும்: 'அக்கா, ஆறு மணிக்கு முதல் வெளிக்கிடுங்கோ, பள்ளிக்கூடத்திலை பொம்பிளையளுக்கு வேற அறை இருக்கு, ஆட்டைக் கட்ட இடம் இருக்கு.' இந்தக் கடைசி இரண்டு தகவலும் இல்லாத அறிவித்தல் பாதி அறிவித்தல். வெளிக்கிடாமல் இருப்பதற்கு அச்சம் மட்டும் காரணமில்லை. ஆடு, கோழி, காணி உறுதி (பத்திரம்), நகை, குமர்ப்பிள்ளை என்ற ஐந்துக்கும் பதில் வைத்திருந்தால் பெரும்பாலானோர் நேரத்தோடு வருவார்கள். உறுதி, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கிளினிக் புத்தகம், வங்கிப் புத்தகம் ஆகியவற்றை இட்டு வாய் கட்டி வைக்கத் தடித்த பிளாஸ்ரிக் பை வீட்டுக்கொன்று புரட்டாசியிலேயே கொடுத்துவிடுங்கள். நிவாரணச் செலவில் ஆகக் குறைந்த காசுக்கு ஆகக் கூடிய பயன் தருவது இந்தப் பை.

அவசர எண்களை அந்தப் பையின் மேலேயே ஒட்டலாம்: அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, பெண்கள் உதவி 1938, சிறுவர் உதவி 1929.

தங்குமிடம்

பள்ளிக்கூடம்தான் வழமை. ஆனால் கார்த்திகை, மார்கழி உயர்தரப் பரீட்சைக் காலம். 2024இல் வெள்ளத்தால் பரீட்சையே ஒத்திவைக்கப்பட்டது. ஆகவே பரீட்சை நிலையமாக இல்லாத ஒரு கட்டடத்தையும் பிரதேச செயலகத்தோடு பேசி முன்னரே குறித்து வையுங்கள்.

சர்வதேச அடிப்படை அளவு ஆளுக்கு 3.5 சதுர மீற்றர். 20 அடிக்கு 25 அடி வகுப்பறை ஏறத்தாழ 46 சதுர மீற்றர், ஆகவே 13 பேர். நடைமுறையில் அதற்குள் 40 பேரை இருத்துகிறார்கள். நெருக்கடியைத் தவிர்க்க முடியாவிட்டால் ஆக்களைக் கலந்து இருத்துவதையாவது தவிருங்கள். குடும்பங்கள் ஒரு பக்கம், ஆண் துணையில்லாத பெண்களும் பிள்ளைகளும் மலசலகூடத்துக்குக் கிட்டிய அறையில், தனி ஆண்கள் வாசல் பக்கக் கட்டடத்தில். பாலூட்டவும் உடுப்பு மாற்றவும் ஒரு சிறிய அறை, உள்ளே தாழ்ப்பாளோடு. அதிபரின் அறை இதற்கு நல்லது; அதை நிவாரணப் பொருள் குவிக்கும் களஞ்சியமாக்குவதுதான் எல்லா இடத்திலும் நடக்கும் பிழை.

மலசலகூடம் முதல் நாட்களில் 50 பேருக்கு ஒன்று, பிறகு 20 பேருக்கு ஒன்று. பெண்களுக்கு மூன்று என்றால் ஆண்களுக்கு ஒன்று என்ற விகிதம். 160 பேர் தங்கும் இடத்துக்கு எட்டு வேண்டும், ஆறு பெண்களுக்கு. பள்ளிக்கூடத்தில் இருப்பது நான்கு என்றால் மூன்றைப் பெண்களுக்கு ஒதுக்கி, மிச்சத்துக்கு அயல் வீடுகளோடு பேசுங்கள். புதிதாகக் குழி வெட்டவேண்டாம். இங்கே நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக் கல். குழியில் விட்டது கல் வெடிப்பு வழியாகக் கிணற்றுக்கு விரைவில் போய்ச்சேரும். தொட்டி நிரம்பினால் உறிஞ்சி எடுக்கும் பவுசருக்குப் பிரதேச சபையிடம் முதல் நாளே சொல்லிவையுங்கள். நிரம்பியபின் சொன்னால் நான்கு நாள் காத்திருக்கவேண்டிவரும்.

பார்க்கவேண்டிய சின்ன விடயங்கள்: உட்பக்கம் கொண்டி பூட்டுகிறதா, கதவுக்குக் கீழே இடைவெளி எவ்வளவு, போகும் வழியில் விளக்கு உண்டா, மின்சாரம் போனால் என்ன செய்வது. சூரிய ஒளி விளக்கு மூன்று, ஒன்று வழியில், ஒன்று வாசலில், ஒன்று கிணற்றடியில். இரவு பத்து மணிக்கு ஒரு பெண் தொண்டர் தானே அந்த வழியால் நடந்து பார்க்கட்டும். பகலில் எடுத்த முடிவு அப்போதுதான் சரியா பிழையா என்று தெரியும்.

குளிப்பைப் பற்றி யாரும் திட்டமிடுவதில்லை. வீட்டில் வேலி மறைப்புக்குள் குறுக்குக்கட்டோடு கிணற்றடியில் குளிப்பவர், பள்ளிக்கூட முற்றத்துக் கிணற்றில் நூறு பேர் பார்க்கக் குளிக்கமாட்டார். மூன்று நாள் குளிக்காமல் இருப்பார், அல்லது விடிய நாலு மணிக்கு இருட்டில் தனியே போவார். ஆறடி உயரத்துக்குக் கிடுகு அல்லது தறப்பாள் கட்டி, உள்ளே உடுப்புக் கொழுவ ஒரு கயிறும், வாளி வைக்க ஒரு கல்லும் போட்டால் போதும். வெளிறிய தறப்பாளில் உள்ளே விளக்கெரிந்தால் நிழல் வெளியே தெரியும். நீலம் அல்லது கறுப்பு வாங்குங்கள், இல்லையேல் கிடுகுதான் நல்லது.

தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லீற்றர். 160 பேருக்கு 2,400 லீற்றர். 1,000 லீற்றர்த் தாங்கி மூன்று வைத்து நாளுக்கொரு தரம் பவுசரால் நிரப்பவேண்டும். 20 லீற்றர்க் கான் நிறைந்தால் 20 கிலோ. தூக்குவது பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும் என்பதால் 10 லீற்றர்க் கான் இரண்டு கொடுங்கள்.

கிணறு

வெள்ளம் புகுந்த கிணறு வடிந்தபின்னும் குடிக்க ஆகாது. குளோரின் இடும் பயிற்சியைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தருவார். வழமையாக அதற்குப் போவது ஆண்கள், கிணற்றை நாள் முழுக்கப் பாவிப்பது பெண்கள். இருவரும் போகவேண்டும்.

கணக்கு இது. அரைக் குறுக்களவை அதனாலேயே பெருக்கி, 3.14ஆல் பெருக்கி, தண்ணீர் ஆழத்தால் பெருக்குங்கள், எல்லாம் மீற்றரில். குறுக்களவு 3 மீற்றர், தண்ணீர் 2 மீற்றர் என்றால் 1.5 × 1.5 × 3.14 × 2, ஏறத்தாழ 14 கன மீற்றர், அதாவது 14,000 லீற்றர். 70 வீத வீரியமுள்ள குளோரின் தூள் ஒரு கன மீற்றருக்கு 25 கிராம் என்ற கணக்கில் 350 கிராம் வேண்டும். 30 வீத வெளிற்றும் தூளென்றால் 800 கிராமுக்குச் சற்று மேல். பிளாஸ்ரிக் வாளியில் கரைத்து, மண்டி அடையவிட்டு, தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் ஊற்றி, வாளியால் இறக்கி ஏற்றிக் கலக்குங்கள். 12 மணித்தியாலம் யாரும் தொடக்கூடாது. பிறகு மீதிக் குளோரின் லீற்றருக்கு 0.5 மில்லிகிராமுக்குக் கீழே வந்ததைப் பரிசோதித்தபின்தான் பாவனை. தூளை முகத்துக்கு நேரே பிடித்துக் கொட்டவேண்டாம், கையுறை போடுங்கள்.

கடல்நீர் ஏறிய கரையோரக் கிணற்றை மோட்டார் போட்டு அடியோடு இறைக்கவேண்டாம். எங்கள் நல்ல தண்ணீர் உவர்நீருக்கு மேலே மிதக்கும் மெல்லிய படை. இறைக்க இறைக்கக் கீழிருந்து உப்பு மேலே ஏறும். கொஞ்சமாக எடுத்து, மழை அதைத் தேற்றும்வரை பொறுப்பதே வழி.

வெள்ளத்துக்குப் பின்னே எலிக்காய்ச்சலையும் எதிர்பாருங்கள். 2024 மார்கழியில் யாழ்ப்பாணத்தில் உயிர்களைக் கொண்டுபோனது அதுதான். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை தடுப்பு மாத்திரை கொடுக்கும்போது வயல் வேலைக்குப் போகும் ஆண்களின் பெயர் மட்டும் போகிறது. வெள்ளச் சேற்றைக் கழுவிய பெண்களின் பெயரையும் கொடுங்கள். கர்ப்பிணியும் பாலூட்டும் தாயும் அந்த மாத்திரையை வைத்தியரிடம் கேட்காமல் எடுக்கக்கூடாது என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

பொதியில் என்ன

நான்கு பேருக்கு ஏழு நாள் உலர் உணவு, ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,100 கலோரி என்ற கணக்கில்: அரிசி 11 கிலோ, பருப்பு 1.75 கிலோ, எண்ணெய் 850 மில்லிலீற்றர், சீனி 500 கிராம், உப்பு 200 கிராம், தேங்காய் மூன்று, தேயிலை, மிளகாய்த்தூள். அரிசி சிவப்புப் புழுங்கலாக இருக்கட்டும். வெள்ளைப் பச்சை அரிசியைக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு கோழிக்குப் போடுவார்கள் என்று குறைசொல்வதைவிட, வாங்கமுன் கேட்பது சுலபம். கந்தசஷ்டி, கார்த்திகை விரதக் காலம் மழைக் காலத்தோடு சேர்ந்தே வருகிறது. சைவ வீட்டுக்கு ரின் மீனுக்குப் பதில் சோயா, கடலை, பயறு.

சமைத்த உணவு முதல் இரண்டு மூன்று நாளைக்கு மட்டும். பொதுச் சமையல் என்றால் விடிய நாலு மணியிலிருந்து இரவு ஒன்பது வரை அதே பத்துப் பெண்கள் கிடாரத்தடியில் நிற்பார்கள், அவர்களுடைய வீடும் வெள்ளத்தில்தான். இரண்டு முறை மாற்றி ஆள் போட்டு, வெட்டுவதற்கும் தூக்குவதற்கும் கழுவுவதற்கும் ஆண்களை அழைத்து, முடிந்தால் நாட்கூலி கொடுங்கள். ஈர விறகை நம்பவேண்டாம், காஸ் சிலிண்டர் இரண்டு வையுங்கள்.

குழந்தைகளுக்குப் பால்மா, பால்போத்தல் தருவதாக யாராவது வந்தால் பணிவாக மறுத்துவிடுங்கள். அழுக்குத் தண்ணீரில் கரைத்த மாவும் சரியாகக் கழுவாத போத்தலும் வயிற்றோட்டத்தைக் கொண்டுவரும். அந்தக் காசில் தாய்மாருக்கு முட்டையும் பயறும் வாங்கலாம்.

பெண்களுக்கான சுகாதாரப் பொதி வேறாக இருக்கவேண்டும். மாதத்துக்கு நப்கின் 15, உள்ளாடை அளவு பார்த்து, சவர்க்காரம் வழமைக்கு மேல் 250 கிராம், மூடியுள்ள சிறிய வாளி, உலர்த்தக் கயிறும் கவ்வியும், ரோச் லைற், விசில், கறுப்புப் பை. துணி பாவிப்பவரும் உண்டு, கேட்டுக் கொடுங்கள். மாரியில் துணி காயாது என்பதால் கூரைக்கு உள்ளே, ஆண்கள் போகாத பக்கத்தில் கயிறு கட்ட இடம் வேண்டும். பாவித்த நப்கினைப் போட மூடியுள்ள தொட்டி மலசலகூடத்துக்குள்ளேயே வையுங்கள், இல்லாவிட்டால் அதன் குழாய் இரண்டாம் நாளே அடைக்கும். இந்தப் பொதியை மைதானத்தில் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பது பெரிய பிழை. பெண் தொண்டர், அறைக்குள், கறுப்புப் பையில்.

பொதி கொடுக்கும் இடம் நடந்து போகக்கூடிய தூரமாகவும், நேரம் காலை ஒன்பதுக்கும் மதியத்துக்கும் இடையிலாகவும் இருக்கட்டும். கர்ப்பிணி, முதியோர், கைக்குழந்தையோடு வருபவருக்குத் தனி வரிசையும் கதிரையும். 15 கிலோ பொதியை ஒரு முதிய அம்மா எப்படிக் கொண்டுபோவார்? ஓட்டோக்காரப் பையனுக்கு ஐநூறு ரூபா கொடுத்துச் சாமான் ஏற்றும் நிலை வந்தால் நிவாரணத்தில் அவ்வளவும் குறைந்தது. சைக்கிள் உள்ள நாலு பொடியளை நிறுத்துங்கள்.

படம் எடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. கொடுத்தவர் வெளிநாட்டில், அவருக்குக் கணக்கு வேண்டும், அது நியாயம். பற்றுச்சீட்டு, அடுக்கிய பொதிகளின் படம், கையெழுத்துப் பட்டியலின் எண்ணிக்கை இவை கணக்கு. பொதியை நெஞ்சோடு அணைத்து நிற்கும் அம்மாவின் முகம் கணக்கு அல்ல. அவருடைய மகள் பள்ளிக்கூடத்தில் அந்தப் படத்தைப் பார்ப்பாள்.

காசும் நட்டக் கணக்கும்

கடை திறந்திருந்தால் பொதியைவிடக் காசோ சங்கக்கடைச் சீட்டோ நல்லது. பெண் பெயரில் கொடுத்தால் எல்லாம் சரி என்று நினைக்கவேண்டாம். வாரக் கடன் எடுத்த குழுவில் இருப்பவர் என்றால் காசு வந்த அன்றே கடன்காரர் படலையில் நிற்பார். வீட்டில் குடிப்பவர் இருந்தால் சண்டை வரும். ஆகவே கொடுக்கமுன் தனியாகக் கேளுங்கள்: 'காசாத் தந்தால் உங்களுக்கு ஏதும் கரைச்சலோ, சாமானாத் தந்தால் நல்லமோ?' பதிலுக்கேற்ப மாற்றக்கூடியதாகத் திட்டத்தை வையுங்கள்.

நட்டக் கணக்கெடுப்பில் படகு, இயந்திரம், வலை, நெற்காணி, வெங்காயத் தோட்டம் ஏறும். கருவாடு போடும் பரண், உப்பு மூட்டை, மீன் தரம் பிரிக்கும் கூலி, வலையிலிருந்து நண்டு கழற்றும் கூலி, பன்னவேலைக்குச் சேர்த்த ஓலை, தையல் மெசின், ஆறு கோழி, இரண்டு ஆடு, வெங்காயம் கிண்டும் நாட்கூலி ஏறாது. ஒவ்வொரு வீட்டிலும் 'மழை பெய்யாட்டி இந்தக் கிழமை நீங்கள் என்ன வேலைக்குப் போயிருப்பியள், எவ்வளவு கிடைச்சிருக்கும்?' என்று அங்குள்ள ஒவ்வொரு பெரியவரிடமும் வேறு வேறாகக் கேளுங்கள். குத்தகைக்குச் செய்பவரை விட்டுக் காணிக்காரரை எழுதும் பிழையும் இந்தக் கேள்வியில் பிடிபடும்.

வீடு திருத்தும் உதவியில் இன்னொரு சிக்கல். இங்கே வீடும் வளவும் பெரும்பாலும் சீதனமாகப் பெண் பெயரில் இருக்கும். படிவமோ கணவன் பெயரில். உறுதியும் படிவமும் பொருந்தாமல் மாதக்கணக்கில் கோப்பு கிடக்கும், அல்லது உதவி கணவன் கணக்குக்குப் போய் வீடு ஒழுகியபடியே இருக்கும். உறுதியில் உள்ள பெயரிலேயே விண்ணப்பம் எழுதுங்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமைப்படி திருமணமான பெண் தன் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும்; கூரை திருத்தும் உதவியைப் பெறுவது விற்பனையும் ஈடும் அல்ல என்பதை அலுவலகத்தில் பணிவாக, ஆனால் விடாமல் சொல்லவேண்டிவரும். கணவன் இல்லாதவர் வழக்கறிஞரிடம் போகவேண்டிய கட்டம் காணியைக் கைமாற்றும்போதுதான்.

முறைப்பாடும் பாதுகாப்பும்

முறைப்பாட்டுப் பெட்டி வைத்தால் வெறும் பெட்டிதான் மிஞ்சும். எல்லாரும் பார்க்க யார் போய்ப் போடுவார், கையெழுத்தைப் பார்த்து யார் என்று தெரிந்துவிடாதா? அதற்குப் பதில் ஒரு போன் இலக்கம், அது ஒரு பெண்ணின் கையில். கிழமைக்கு ஒரு நாள் அவர் முன்பள்ளியில் ஒரு மணி நேரம் இருப்பார். வந்ததைப் பெயரில்லாமல் கொப்பியில் எழுதி மூன்று நாளுக்குள் பதில் சொல்வார். 'பொதி கிடைக்கேல்லை' என்பது தொடங்கி வேறு விடயங்கள் மெல்ல வரும்.

தொண்டர்களுக்கு விதி நான்கு: தனியே எந்த வீட்டுக்கும் போகக்கூடாது, இருட்டியபின் பொருள் கொடுக்கக்கூடாது, பெண்களின் போன் இலக்கத்தைத் தன் போனில் சேமிக்கக்கூடாது, எந்த உதவிக்கும் பதிலாக எதையும் கேட்கவோ ஏற்கவோ கூடாது. மீறியவரை 'நல்ல பொடியன், இன்னாற்றை மகன்' என்று விட்டால் அடுத்த நாளிலிருந்து பெண்கள் வரிசைக்கு வரமாட்டார்கள்.

வன்முறைக்கு உள்ளான ஒருவர் சொன்னால் கேளுங்கள், விசாரிக்காதீர்கள். ஊர்ப் பெரியவரைக் கூட்டி இணக்கம் பேசுவது உங்கள் வேலை அல்ல. அவர் ஒப்பினால் வைத்தியசாலைக்கு முதலில் கூட்டிச் செல்லுங்கள். பாலியல் வன்முறையாயின் எச்.ஐ.வி. தடுப்பு மருந்து 72 மணித்தியாலத்துக்குள்ளும் அவசரக் கருத்தடை 120 மணித்தியாலத்துக்குள்ளும் தொடங்கவேண்டும். நேரம் போகப் போகப் பயன் குறையும். பெரிய அரச வைத்தியசாலைகள் பலவற்றில் வன்முறைக்கு உள்ளானோருக்கு உதவும் 'மிதுரு பியச' நட்பு நிலையம் உண்டு. பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார்கள். அவர்களின் நேரடி இலக்கத்தைப் புரட்டாசியில் வாங்கி வைத்திருப்பதற்கும், வெள்ளத்தில் தேடுவதற்கும் நிறைய வித்தியாசம்.

தீவுகளுக்கு

நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு போன்ற இடங்களில் காற்று எழும்பினால் படகு ஓடாது, இறங்குதுறையில் பொருள் குவிந்து கிடக்கும். அங்கே பத்து நாளுக்கான உணவு, குளோரின், நப்கின், மருந்து ஐப்பசி முதல் கிழமைக்குள் தீவுக்குள் இறங்கியிருக்கவேண்டும். கார்த்திகை, மார்கழியில் பிரசவத் திகதி உள்ளவர் முன்கூட்டியே பெருநிலத்தில் உறவினர் வீட்டுக்கு வருவதற்குப் பயணச் செலவும், வீட்டில் விட்டுவரும் மற்றப் பிள்ளைகளைப் பார்க்க ஆளும் ஒழுங்குசெய்யுங்கள். இரண்டாவது இல்லாமல் முதலாவது நடக்காது.

தை பிறந்தபின்

நிவாரணக் குழுவின் வங்கிக் கணக்குக்கு மூன்று பேர் கையெழுத்து, அதில் இருவர் போடவேண்டும், ஒருவர் கட்டாயம் பெண் என்று சங்க யாப்பில் எழுதுங்கள். கூட்டத்துக்கு வந்த பெண்களின் எண்ணிக்கை எதையும் காட்டாது. அவர்கள் சொன்னதில் எத்தனை நிறைவேறியது என்பதை அறிக்கைப் புத்தகத்தில் தேடுங்கள்.

மிச்சப் பொருளைத் தையில் எண்ணுங்கள். வெளிற்றும் தூள் காற்றும் ஈரமும் பட்டால் வீரியம் இழக்கும். பழையதை அடுத்த மாரிக்கு நம்பாமல் புதிதாக வாங்குங்கள். தறப்பாளைக் காயவைத்து எலி கடிக்காமல் தகரப் பெட்டியில் போடுங்கள். களஞ்சியத்துக்கு இரண்டு திறப்பு. ஒன்று தலைவரிடம் இருக்கும், அது வழமை. மற்றதை மேட்டுக்காணியில் இருக்கும், இரவு எந்த நேரம் தட்டினாலும் கதவைத் திறக்கும் ஒரு பெண்ணிடம் கொடுத்து, அந்த வீட்டை எல்லாருக்கும் காட்டிவையுங்கள்.